ஏழாம் எண் பெண்

சட்டி மார்க் மசாலாவின் சின்னம் ஒரு மண்சட்டி. அதற்குள்ளிருந்து ஒரு மீன் தலை நீட்டிக்கொண்டிருக்கும். ஐம்பத்தாறு வருஷமாக அதே சட்டி, அதே மீன். அதை மாற்றக் கூடாது என்பது முதலாளி ராஜவேலின் நிபந்தனை. மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பது அவருடைய மகள் சங்கவியின் விருப்பம். பெங்களூரில் படித்துவிட்டு வந்து இரண்டு வருஷமாகக் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மீன் குழம்புத் தூள் ஒன்றோடு தொடங்கிய கம்பெனியில் இப்போது இருபத்து மூன்று வகைப் பொட்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் படம் போட்டிருந்தார்கள். இறால் தொக்கில் புகைப்படம். ரசப்பொடியில் கார்ட்டூன் தாத்தா. வத்தக்குழம்பில் வெறும் எழுத்து. வேனில் ஒரு படம், இணையத்தில் வேறொரு படம். கடையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஏழெட்டுக் கம்பெனி சரக்குபோல இருந்தது.

வேலை ஹரிகிருஷ்ணனின் ஸ்டுடியோவுக்கு வந்தது. கடற்கரைக்கு மூன்று தெரு உள்ளே, ஒரு பழைய வீட்டின் மாடியில் நாலு பேர் வேலை செய்யும் இடம். அங்கே இந்த மாதிரி வேலையை 'சிஸ்டம்' என்பார்கள். தனித்தனியாகப் படம் வரைவதில்லை. தலை, உடம்பு, கை, சேலை, கூடை, அடுப்பு, மீன் என்று எல்லாவற்றையும் துண்டுகளாக வரைந்து, எதோடு எதைச் சேர்க்கலாம், கோடு எத்தனை தடிமன், எந்த ஐந்து நிறங்கள், நிழல் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி, கையேடாகக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவது. பிறகு அங்கே யார் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்தாலும் ஒரே கை வரைந்தது போலப் படம் வரும்.

அதை வரைந்தவள் வினோதா. வயது முப்பத்து மூன்று. போன டிசம்பரில் இரண்டு நாள் வைத்திக்குப்பம் மீனவர் கரையில் படகு வரும் நேரத்தில் நின்று நானூறு புகைப்படம் எடுத்து வந்தாள். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பென்சிலில் வரைந்து பார்த்தாள். மார்ச்சில் அவள் கணவன் செல்வகுமார் வேலை முடிந்து விழுப்புரம் சாலையில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனான். வீட்டுக்கு இன்னும் அரை கிலோமீட்டர் இருந்தது. வினோதா இருபத்து நாலு நாள் லீவில் இருந்துவிட்டு, ஏப்ரல் பதினொன்றாம் தேதி மறுபடி வந்து தன் மேஜையில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அதிகம் பேசவில்லை. வேலை வேகமாக நடந்தது.

அக்டோபரில் கையேடு எண்பத்தாறு பக்கத்துக்கு வந்திருந்தது. பன்னிரண்டு பெண்கள், ஒன்பது ஆண்கள், நாலு குழந்தைகள், முப்பத்தொரு வகை மீன். வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனிக்காரர்கள் முன்னால் அதைக் காட்ட வேண்டும்.

"வினோ, உன்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல," என்று திங்கட்கிழமை ஹரிகிருஷ்ணன் சொல்லியிருந்தான். "ஓட்டல் வேலை ரெண்டும் கைய விட்டுப் போயிடுச்சு. இதுல கையெழுத்து ஆச்சுன்னா மூணு வருஷத்துக்கு அவங்க வேலை மொத்தமும் நம்மகிட்ட. ஆகலன்னா ரெண்டு பேரத்தான் வெச்சிக்க முடியும்."

அந்த இரண்டு பேரில் ஒருவன் அவனே. இன்னொருவன் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்ப்பவன். வினோதா தலையசைத்தாள்.

அவள் அப்பா பலராமன் பாகூரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். "வேலைன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் இரும்மா. நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னு ஆயிட்டா சொல்லு, டாட்டா ஏஸ் எடுத்துகினு வந்துடறேன். ஒத்தையில அங்க எதுக்கு?" போன வாரம் அம்மா போனை வாங்கி, மாடி அறைக்கு வெள்ளையடித்து ஃபேன் மாட்டியாயிற்று என்றாள். வினோதாவுக்கு அந்த அறை தெரியும். ஜன்னலைத் திறந்தால் பெரியப்பா வீட்டு வாசல். காலையில் எழுந்து நிற்பதிலிருந்து விளக்கை அணைப்பதுவரை யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரெட்டியார்பாளையத்து வாடகை வீட்டில் அவளை யாரும் பார்ப்பதில்லை. அங்கேயே இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் இப்போது அவளிடம் மிச்சமிருந்த விருப்பம். அதுவும் விருப்பம் என்று சொல்லும் அளவுக்குச் சூடாக இல்லை.

புதன்கிழமை காலை அவள் வைத்திக்குப்பத்துக்குப் போனாள். புகைப்படத்திலிருந்து ஆள் அடையாளம் தெரியும்படி வரைந்தவர்கள் நாலு பேர். அவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள். பாக்கி வேம்பு.

வேம்புக்கு நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும். ஆறு வருஷம் முன்பு அவள் புருஷன் போன படகு கவிழ்ந்தது. படகுகள் ஏற்றிவைத்திருக்கும் மணலுக்கு மேலே, சிமெண்ட் தளத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறாள். முன்னால் ஓர் அலுமினிய அன்னக்கூடை. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். வினோதா அந்த நசுங்கலையும் சேர்த்து வரைந்திருந்தாள்.

"வாம்மா போட்டாக்காரி. ஒரு வருஷம் ஆவப்போவுது. இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

"கையெழுத்து ஒண்ணு வேணும்க்கா."

"கையெழுத்தா? மேனகா, கேட்டியா? வீட்ட எழுதி வாங்க வந்திருக்குது."

பக்கத்தில் சுறா அறுத்துக்கொண்டிருந்த மேனகா, "எந்த வீட்ட? மாமியாளோட சேத்து எழுதிக் குடுத்துடு. அந்தப் பொண்ணே வெச்சி சோறு போடட்டும்," என்றாள்.

வினோதா உட்கார்ந்து, பையிலிருந்து பெரிய தாளை எடுத்து விரித்தாள். பன்னிரண்டு பெண்களும் வரிசையாக நிற்கும் பக்கம். ஒவ்வொருத்தியின் காலடியிலும் எண். வேம்பு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"நான் எது?"

"ஏழு."

"அட, நாந்தான். இடுப்பப் பாரேன். ஒழுங்காத்தான் போட்டிருக்குது."

மேனகா கத்தியோடு எட்டிப் பார்த்தாள். "இடுப்பு சரி. மூக்கு யாருது? இம்மாஞ் சின்ன மூக்கு ஒனக்கு எப்பயிருந்துச்சு?"

"கம்பெனில மூக்கு ஸ்டாக்கு இல்லபோல," என்றாள் வேம்பு. அவள் விரல் படத்துக்கு மேலே காற்றில் நகர்ந்தது. "இவ யாரு?"

"கடையில வாங்க வந்தவங்க."

"இவ?"

"வீட்ல சமைக்கிறாங்க."

"பையோட நிக்கிறாளே, இவ?"

"ஆபீஸ் போறவங்க."

வேம்பு முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். விரல் ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு கணம் நின்று நகர்ந்தது.

"நெத்தில ஒண்ணும் காணமே. பூவு இல்ல, கழுத்துல கயிறு இல்ல, கையில வளையல் இல்ல." அவள் நிமிர்ந்து குரலை உயர்த்தினாள். "ஏண்டி, இங்க வந்து பாருங்கடி. நான் தாலி அறுத்தவ, எனக்கு இல்ல, சரி. பன்னெண்டு பேரும் இன்னாத்துக்கு இப்படி நிக்கிறாளுங்க? எந்த போட்டு கடல்ல முழுவிச்சு?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். "ஒரே போட்டுல பன்னெண்டு பேரா? அதான் முழுவிச்சு. ஓவர் லோடு," என்றாள் மேனகா. மறுபடி சிரிப்பு. வினோதாவும் சிரிப்பதற்கு முகத்தைத் தயார்செய்தாள்.

வேம்பு சிரித்தபடியே அவளைப் பார்த்தாள். பார்வை நெற்றிக்கு வந்து நின்றது. சிரிப்பு முதலில் அவளிடமிருந்து போனது. பிறகு ஒவ்வொருவரிடமிருந்தும் போனது.

"ஒனக்கு எப்போ?"

"மார்ச்ல."

"போன தபா வந்தப்ப செவப்பா வெச்சினு இருந்த. எனக்கு நெனப்பு இருக்குது."

"ஆமாக்கா."

"எப்படி?"

"வண்டில."

வேம்பு தலையாட்டினாள். மேனகா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அறுக்கும் கட்டைமேல் ஊற்றினாள். இரத்தம் கலந்த தண்ணீர் தாள் பக்கமாக ஓடிவந்தது. வினோதா தாளைத் தூக்கிக்கொண்டாள்.

பிறகு வேம்பு, "சரி, கையெழுத்து எங்க?" என்றாள். வினோதா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். இந்தப் படத்தைக் கம்பெனி பொட்டலத்திலும் வண்டியிலும் விளம்பரத்திலும் போட்டுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

"போட்டுக்கட்டும். ஆனா என்னெ இப்படியே உட்டுடு. இதெக் கேட்டுட்டு நீ பாட்டுக்குப் போயி எல்லாத்துக்கும் பொட்டு வெக்கிறேன்னு எனக்கும் ஒண்ணு வெச்சி ஊர் பூரா ஒட்டிடாத. எங்க மாமியா இன்னும் உசுரோடத்தான் இருக்குது. அது பேசறத காது குடுத்துக் கேக்க முடியாது."

"வெக்க மாட்டேன்."

"வாயில சொல்லாத. அதுல எழுது."

வினோதா கடிதத்தின் அடியில், 'நெற்றியில் பொட்டு வைக்காமல், இப்போது வரைந்துள்ளபடியே' என்று பேனாவால் எழுதினாள். வேம்பு அதற்குக் கீழே பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். தாளில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

"பொட்டலம் வந்தா ஒண்ணு எடுத்துனு வா. படத்துல நான் எப்படி இருக்கேன்னு மாமியாவுக்குக் காட்டணும்."

ஸ்டுடியோவுக்குத் திரும்பிய வினோதா கையேட்டின் பதினான்காம் பக்கத்தைத் திறந்தாள். அவள் எழுதிய விதி அங்கே இருந்தது. முகத்தில் கண், மூக்கு, வாய் மட்டும். நெற்றியிலும் தலையிலும் கழுத்திலும் கையிலும் எதுவும் வேண்டாம். காரணமும் எழுதியிருந்தாள். பொட்டலத்தில் தலையின் உயரம் பதினாறு மில்லிமீட்டர். அந்த அளவில் வைக்கும் சிறிய சிவப்புப் புள்ளி, அச்சில் நிறங்கள் இம்மியளவு விலகினாலும் புருவத்தின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உண்மை. சேதராப்பட்டு அச்சகத்தில் கேட்டு எழுதியது.

பக்கம் உருவாக்கிய தேதி ஏப்ரல் பத்தொன்பது என்று காட்டியது. லீவு முடிந்து வந்த ஒன்பதாவது நாள்.

பழைய படங்களை வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தாள். ஜனவரி, பிப்ரவரிப் படங்கள். பதினோரு பெண்களுக்கு வட்டமாகச் சிவப்புப் பொட்டு இருந்தது. ஒருத்திக்குப் பூ. இரண்டு பேருக்கு மஞ்சள் கயிறு. வேம்புக்கு மட்டும் எதுவும் இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு உள்ள ஃபோல்டரில் யாருக்கும் இல்லை. நடுவில் அவற்றை ஒவ்வொன்றாக அழித்திருக்க வேண்டும். அழித்தது அவளுக்கு நினைவில் இல்லை. யோசித்துப் பார்த்தாள். அந்த வாரத்தில் காலையில் டீ வந்தது, மின்சாரம் ஒருமுறை போனது, இரண்டும் நினைவிருந்தன.

அவள் ஹரிகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் இரண்டு ஃபோல்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்குக் கண்ல படவேயில்ல வினோ. நீட்டா இருக்குன்னுதான் தோணுச்சு."

"எனக்கும்."

"சங்கவி நாலு தடவை பாத்தாங்க. அவங்களும் ஒண்ணும் சொல்லலியே." அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "வெள்ளிக்கிழமையும் யாருக்கும் படாது. கையெழுத்து வாங்கிடலாம். அப்புறம் மெல்ல மாத்திக்கலாம்."

"அப்புறம் மாத்த முடியாது. தீபாவளிக்கு முன்னாடி அச்சுக்குப் போயிடும். கடைக்கு வந்ததும் மொத நாளே யாராவது கேப்பாங்க. இன்னிக்குப் பாத்த உடனே கேட்டாங்க."

"யாரு?"

"மீன் விக்கிறவங்க."

அவன் அவளைப் பார்க்காமல், "நான் கவனிச்சிருக்கணும். உன்கிட்ட இந்த வேலைய அப்ப குடுத்திருக்கக் கூடாது," என்றான்.

"வேற யாரு செய்வாங்க?"

"நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு."

"போதும்," என்றாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று தலை துவட்டும்போது அவள் சட்டத்தின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. மொத்தம் ஐந்து. முகம் கழுவும்போது எடுத்து ஒட்டிவிட்டு மறுபடி வைத்துக்கொள்வதற்கானவை. ஏழு மாதமாகத் தினமும் அந்தக் கண்ணாடி முன் நின்றிருக்கிறாள்.

விசேஷங்களுக்கு வைத்தது பெரியது. ஆபீசுக்கு நடுத்தரம். வீட்டில் இருக்கும்போது சின்னது. நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். பசை காய்ந்திருந்ததால் ஒன்று கிழிந்தது. மற்ற நாலையும் ஒரு கட்டம் போட்ட தாளில் ஒட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் ஸ்கேல் வைத்து அளந்தாள். ஒன்பது மில்லிமீட்டர், ஆறு, மூன்று. தன் முகத்தின் நீளத்தையும் அளந்தாள். நூற்று எழுபத்தெட்டு. வகுத்துப் பார்த்து, மூன்று விகிதங்களை எழுதிக்கொண்டாள். சிஸ்டத்தில் பொட்டுக்கு மூன்று அளவுகள். புருவங்களுக்கு நடுவே, கோட்டின் ஒரு தடிமன் அளவு மேலே.

அச்சுப் பிரச்சினைக்கும் வழி இருந்தது. கையேட்டில் எல்லாக் கோடுகளுக்கும் ஒரே நிறம், அரக்குச் சிவப்பு. பொட்டையும் அதே நிறத்தில் வைத்தால் கோடும் பொட்டும் ஒரே தகட்டில் அச்சாகும். விலகவே விலகாது. இதை அவள் ஏப்ரலிலும் அறிந்திருந்தாள். இந்தத் தொழிலில் இரண்டு வருஷம் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

மாலை ஐந்து மணிக்குள் பதினோரு பெண்களுக்குப் பொட்டு, ஐந்து பேருக்குப் பூ, நாலு பேருக்குக் கயிறு, எல்லாருக்கும் வளையல் வந்துவிட்டன. ஏழாம் எண்ணை அவள் தொடவில்லை. பதினான்காம் பக்கத்தில் பழைய விதியை நீக்கிவிட்டுப் புதியதை எழுதினாள். கடைசி வரி: ஏழாம் எண்ணுக்கு இவை எதுவும் வேண்டாம். கட்டத் தாளை மேஜை இழுப்பறையில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையின் மாடி அறையில் மிளகாய் நெடி இருந்தது. புதிதாக வருகிறவர்கள் தும்முவார்கள் என்று ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ராஜவேல் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். பக்கத்தில் சங்கவி. ஹரிகிருஷ்ணன் பேச, வினோதா மடிக்கணினியில் பக்கங்களை நகர்த்தினாள்.

இருபத்து மூன்று பொட்டலங்களும் திரையில் ஒன்றாக வந்தபோது ராஜவேல் முன்னால் சாய்ந்தார். "இப்பத்தான் ஒரு குடும்பம் மாதிரி இருக்கு," என்றார். வேன் வந்தது. நன்றாக இருக்கிறது என்றார். மீன் குழம்புத் தூள் பொட்டலம் வந்தது. அதில் கடற்கரை மீன் சந்தை. நடுவில் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஏழாம் எண். அவளிடம் குனிந்து கை நீட்டி மீன் கேட்கும் மூன்றாம் எண். பின்னால் படகுகள்.

"அது யாரு நடுவுல? அதுக்கு மட்டும் பொட்டு விட்டுப்போச்சே."

"விட்டுப்போகல சார்," என்றாள் வினோதா. "அவங்க நிஜமா வைத்திக்குப்பத்துல விக்கிறவங்க. அவங்க வீட்டுக்காரர் இல்ல. அதனால அப்படியே வரைஞ்சிருக்கோம்."

ராஜவேல் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது நமக்குத் தெரியும். பாக்கறவனுக்குத் தெரியுமா? தப்பா நெனைக்காதம்மா. காலையில கடையத் தொறந்ததும் மொத போணிக்கு நம்ம பொட்டலத்தத்தான் எடுத்துக் குடுப்பாங்க. எங்கப்பா காலத்துலயிருந்து அப்படித்தான். அதுல போயி... வெச்சிடு."

"அப்பா," என்றாள் சங்கவி. "இருக்கட்டுமேப்பா. நிஜமான ஆளுங்கன்னுதானே நம்ம விளம்பரத்துலயே சொல்லப்போறோம்."

"நிஜமா இருக்கட்டும். பொட்டோட இருக்கட்டும்."

"வெச்சிடலாம் சார்," என்றான் ஹரிகிருஷ்ணன். "ரெண்டு நிமிஷ வேலை."

வினோதா கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அவங்களுக்கு வெக்க முடியாது. எழுதிக் குடுத்திருக்கேன்."

ராஜவேல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பேனாவால் எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தார். கடிதத்தில் ஒட்டியிருந்த செதிலைச் சுண்டிவிட்டார்.

"அப்ப அந்தம்மா வேணாம். எடுத்துடுங்க. பாக்கி பதினோரு பேர் இருக்காங்களே, போதாதா?"

ஹரிகிருஷ்ணன் வினோதாவைப் பார்த்தான். சங்கவியும் பார்த்தாள். எடுக்க முடியாது என்று சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். ஸ்டுடியோவில் இரண்டு பேர். பாகூரிலிருந்து டாட்டா ஏஸ். வெள்ளையடித்த அறை. அவளுக்குக் கோபம் வரவில்லை. வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள்.

"சரி சார்."

"இப்பவே எடுத்துட்டீங்கன்னா இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடலாம்."

அவள் ஏழாம் எண்ணைத் தேர்ந்தெடுத்து நீக்கும் பொத்தானை அழுத்தினாள். இது நாற்பத்தோரு இடங்களில் பயன்படுகிறது, எல்லாவற்றிலும் நீக்கவா என்று கணினி கேட்டது. நீக்கு என்று கொடுத்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. வேனில் இருந்து அவள் போனாள். இறால் தொக்கிலிருந்து போனாள். இணையப் பக்கத்திலிருந்தும் சம்பளக் கவரிலிருந்தும் போனாள்.

"ஏழுக்கு அப்புறம் இருக்கறவங்களுக்கு எண்ண மாத்தணுமா?" என்று சங்கவி கேட்டாள்.

"வேணாம். எல்லாக் கோப்பும் எண்ணுல கோத்திருக்கு. மாத்துனா உடைஞ்சிடும். ஆறுக்கு அப்புறம் எட்டு."

ராஜவேல் கையெழுத்துப் போட்டார். டீயும் முறுக்கும் வந்தன. கிளம்பும்போது அவர் வினோதாவிடம் மட்டும், "சாப்டுட்டுப் போம்மா," என்றார். கீழே கேண்டீனில் மீன் குழம்பு. அவள் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னாள். "வேலை இருக்குப்பா. மூணு வருஷத்துக்கு."

அந்தப் பக்கத்தில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்படியா? சரிம்மா. நல்லதுதான்." பிறகு, "அப்ப அந்த ரூம்ல நெல்லு மூட்டைய எறக்கிக்கிறோம். கீழ எலி தொல்ல," என்றார்.

பொட்டலங்கள் பொங்கலுக்குப் பிறகு கடைகளுக்கு வந்தன. நெல்லித்தோப்பில் ஒரு மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்குவதை வினோதா பார்த்தாள். தூரத்திலிருந்து பார்த்தாலே ஒரே கம்பெனி என்று தெரிந்தது. வேலை நன்றாகத்தான் வந்திருந்தது. மீன் குழம்புத் தூளில் ஒன்று கேட்டு வாங்கினாள். கடைக்காரர் பொட்டலத்தைப் பிய்த்து எடுத்து அவளிடம் நீட்டினார். படத்தைப் பார்க்கவில்லை.

படத்தில் மூன்றாம் எண் குனிந்து கை நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே யாரும் இல்லை. ஒரு பக்கம் நசுங்கிய அன்னக்கூடை மட்டும் இருந்தது, நிறைய மீனோடு. கையேட்டின்படி கூடை தனித் துண்டு. ஆளை நீக்கினால் கூடை போகாது. மற்ற நாற்பது இடங்களில் வேறொருத்தியைக் கொண்டு நிரப்பியிருந்தார்கள். இந்த ஒன்றில் நிரப்பவில்லை. சங்கவி பார்த்தாள், ஹரிகிருஷ்ணன் பார்த்தான், அச்சகத்தில் பார்த்தார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. வினோதா அதைக் கவனித்தது மூன்றாவது சரிபார்ப்பில். சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. அவள் சரி என்று எழுதி அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை பொட்டலத்தை வைத்திக்குப்பத்துக்கு எடுத்துப்போனாள். மேனகா அன்றைக்கு வரவில்லை. வேம்பு ஈக்களை ஓட்டியபடி உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"நான் எங்க?"

"எடுக்கச் சொல்லிட்டாங்கக்கா. பொட்டு இல்லாம வேணாம்னாங்க."

"நீ எடுத்துட்டியா?"

"ஆமா."

வேம்பு பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கம் இருந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள். கட்டைவிரலால் ஓரிடத்தைத் தேய்த்தாள்.

"இது என் கூடை."

"ஆமாக்கா."

"நசுங்கல்கூட அப்படியே இருக்குது. இத மட்டும் எப்படி உட்டானுங்க? கூடைக்குப் பொட்டு வெக்கத் தேவயில்லபோல." அவள் ஒரு பக்கமாகச் சிரித்தாள். "மாமியாகிட்ட காட்டுறேன். நான் டீ குடிக்கப் போயிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்னக்கூடைமேல் இருந்த ஈரச் சாக்கை விலக்கினாள்.

"சங்கரா இருக்குது. காலையில வந்தது. இன்னா வேணும் ஒனக்கு?"

"அரைக் கிலோ போடுங்க."

"ஒருத்திக்கு எதுக்கு அரைக் கிலோ? ரெண்டு போதும்." இரண்டைத் தேர்ந்தெடுத்துக் கட்டைமேல் போட்டாள். "குழம்பா, வறுவலா?"

வினோதா யோசித்தாள். சமைத்து வெகுநாளாகியிருந்தது. வேம்பு கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"குழம்பு."

"அப்ப தலைய வெச்சிக்கோ," என்று சொல்லி, வேம்பு செதில் தேய்க்கத் தொடங்கினாள்.